சொதப்பல்: அந்தச் சொல்லையே சொதப்பும் இடங்கள்

சொதப்பல் என்றால் தவறு செய்வது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அவர் அந்த விளக்கத்தையே சொதப்பியிருக்கிறார். தவறு வேறு, தோல்வி வேறு, குளறுபடி வேறு, முறைகேடு வேறு. இவை அத்தனைக்கும் பதிலாக ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேற்றும் பழக்கம் இப்போது பரவலாக வந்துவிட்டது. மேட்ச் தோற்றாலும் சொதப்பல், பாலம் இடிந்தாலும் சொதப்பல், பட்டியலில் பெயர் விடுபட்டாலும் சொதப்பல். பேச்சில் சொன்னால் குரலும் முகமும் சேர்ந்து பொருளைச் சரிசெய்துவிடும். எழுத்தில் அந்த உதவி கிடையாது, அதனால்தான் படிக்கிறவருக்கு எங்கேயோ இடிக்கிறது, எழுதியவருக்கோ ஏன் இடிக்கிறது என்றே தெரிவதில்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். ஒரு வேலை இருக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த, அல்லது எப்படியும் செய்துவிடுவார் என்று நாம் நம்பிய ஓர் ஆள் இருக்க வேண்டும். அவர் அதை நல்லபடியாக முடிக்கிற எண்ணத்தில்தான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கிய பிறகு, செய்கிற விதத்தில் அதைக் கெடுத்திருக்க வேண்டும். இதெல்லாம் கூடி வந்தால்தான் சொதப்பல். ஒன்று குறைந்தாலும் வேறு சொல் தேட வேண்டியதுதான்.

இது ஏதோ நேற்று வந்த பேச்சுச் சொல்தானே, இதற்கு இவ்வளவு நுணுக்கமா என்று தோன்றலாம். சொல் பேச்சுச் சொல்தான், ஆனால் அது குறிக்கிற சங்கதி பழசு. திருக்குறளில் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் காரியம் கெடுவதற்கு இரண்டு வழி சொல்கிறார்: ‘செய்தக்க அல்ல செயக்கெடும் செய்தக்க செய்யாமை யானும் கெடும்’ (466). செய்யக் கூடாததைச் செய்தாலும் கெடும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலும் கெடும். இந்த இரண்டுமே சொதப்பல் இல்லை. இரண்டு குறள் தள்ளி, 468இல், மூன்றாவது வழி வருகிறது: ‘ஆற்றின் வருந்தா வருத்தம் பலர்நின்று போற்றினும் பொத்துப் படும்.’ செய்ய வேண்டியதைத்தான் செய்கிறான், பாடுபட்டுத்தான் செய்கிறான், ஆனால் வழிமுறை சரியில்லை. பத்துப் பேர் கூட நின்று தாங்கிப் பிடித்தாலும் அதில் ஓட்டை விழுந்துவிடும். அந்தப் ‘பொத்துப்படும்’ இருக்கிறதே, அதுதான் நம்முடைய சொதப்பல். பலர் நின்று போற்றினாலும் என்று சேர்த்தாரே, அது இன்னும் அழகு. சொதப்புகிறவரைச் சுற்றி எப்போதும் நல்லெண்ணத்தோடு ஒரு கூட்டம் நிற்கத்தான் செய்கிறது.

வேலையே இல்லாத இடத்தில் இந்தச் சொல்லைப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. ‘அறையைச் சொதப்பி வைத்திருக்கிறான்’ என்று எழுதுகிறார்கள். துணி ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம் கிடந்தால் அது அலங்கோலம். யாரும் எதையும் செய்ய முயலவில்லை, சும்மா கிடக்கிறது. அதே அறைக்கு அவன் பெயின்ட் அடிக்கிறேன் என்று கிளம்பி, சுவரில் திட்டுத் திட்டாக அப்பி, தரையெல்லாம் சொட்டவிட்டு வைத்திருந்தால், சரி, தாராளமாகச் சொல்லலாம். தலைமுடிக்கும் இதே கதைதான். காற்றில் பறந்தால் முடி கலைந்தது. வெட்டியவர் ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறக்கி விட்டிருந்தால் சொதப்பல். முயற்சி என்று ஒன்று இல்லாமல் சொதப்ப முடியாது.

அதனால்தான் மழை, வெயில் போன்றவற்றோடு இந்தச் சொல் ஒட்டுவதில்லை. மழை வந்து விழாவைக் கெடுத்தது என்பதுதான் இயல்பு. பருவமழை வராவிட்டால் அது பொய்த்தது. ஆனால் பிரிண்டர் சொதப்புது, நெட்வொர்க் சொதப்புது என்று சொன்னால் காதில் உறுத்துவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? மழையிடம் நாம் ஒரு வேலையை ஒப்படைக்கவில்லை. பிரிண்டரிடம் ஒப்படைத்திருக்கிறோம், அதுவும் நேற்று வரை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது.

அடுத்தது தோல்வி. விளையாட்டுச் செய்திகளில் தோற்ற அணி எல்லாம் சொதப்பிய அணி ஆகிவிடுகிறது. எதிரணி அற்புதமாக ஆடியதால் தோற்றவர்களைச் சொதப்பினார்கள் என்று எழுதுவது அவர்களுக்கும் அநியாயம், ஜெயித்தவர்களுக்கும் அநியாயம். இதற்கு நேர் எதிராக, தோற்காமலே சொதப்பவும் முடியும். 1999 உலகக் கோப்பை அரையிறுதி, எட்ஜ்பாஸ்டன் மைதானம், ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும். கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 9 ரன் வேண்டும், கையில் ஒரே ஒரு விக்கெட். லான்ஸ் குளூஸ்னர் முதல் இரண்டு பந்துகளையும் பவுண்டரிக்கு விரட்டினார். ஸ்கோர் சமமாகிவிட்டது, நான்கு பந்தில் ஒரு ரன் எடுத்தால் இறுதிப் போட்டி. மூன்றாவது பந்திலேயே எதிர்முனையில் நின்ற ஆலன் டொனால்ட் ரன் அவுட் ஆகியிருக்க வேண்டியது, தப்பித்தார். நான்காவது பந்தில் குளூஸ்னர் அடித்துவிட்டு ஓடியே வந்துவிட்டார். டொனால்டோ பந்தைப் பார்த்தபடி கோட்டிலேயே நிற்கிறார். இரண்டு பேரும் ஒரே முனையில். அவர் திரும்பிக் கிளம்பியபோது மட்டை கையை விட்டு நழுவிக் கீழே விழுகிறது. அவர் மறுமுனையை எட்டுவதற்குள் ஸ்டம்ப் காலி. ஆட்டம் டை. தோற்கவே இல்லை, ஆனால் அரையிறுதிக்கு முந்தைய சுற்றான சூப்பர் சிக்ஸின் பட்டியலில் மேலே இருந்த ஆஸ்திரேலியா இறுதிக்குப் போய்விட்டது. ஆற்றல் இருந்தது, நேரம் இருந்தது, ஒரு ரன்தான் பாக்கி. இந்தச் சொல்லுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

கவனியுங்கள், அதே ஆட்டத்தை ‘தென்னாப்பிரிக்கா கோட்டைவிட்டது’ என்றும் சொல்லலாம், ஆனால் பார்வை மாறிவிடும். கோட்டைவிடுவது என்றால் கைக்கு வந்த வாய்ப்பு போய்விட்டது, அவ்வளவுதான். தூங்கிக்கூடக் கோட்டைவிடலாம், விண்ணப்பத்தின் கடைசித் தேதியை மறந்து கோட்டைவிடலாம். சொதப்புவதற்கு விழித்திருக்க வேண்டும், களத்தில் இருக்க வேண்டும். தேர்வுக்கே போகாதவன் ‘எக்ஸாமைச் சொதப்பிட்டேன்’ என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

எண்ணம் என்று சொன்னேன் அல்லவா, அதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே கெடுப்பது சொதப்பல் ஆகாது. ‘வேணும்னே சொதப்பினான்’ என்று சொல்வதில்லையா என்றால், சொல்கிறோம்தான். ஆனால் அந்த ‘வேணும்னே’யைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுவே சாட்சி. சேர்க்காவிட்டால் கேட்கிறவர் தெரியாமல் செய்துவிட்டான் என்றுதான் எடுத்துக்கொள்வார். அதாவது இந்தச் சொல் ஒருவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று நமக்கே தெரியாமல் சான்றிதழ் கொடுத்துவிடுகிறது. கூடவே ஒரு சிரிப்பும் அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொதப்பல் என்றதும் முகத்தில் லேசாக ஒரு இளிப்பு வரும். போகட்டும் விடு என்ற தொனி வரும். நட்பில் இது பெரிய வசதி. பொது விஷயத்தில் இதுதான் ஆபத்து.

ஒரே வகைப் பிழை போலத் தெரிகிற இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1999 செப்டம்பரில் செவ்வாயைச் சுற்றப் போன நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் போய்ச் சேர்ந்த இடத்திலேயே தொலைந்துபோனது. காரணம் என்ன தெரியுமா? ஒரு தரப்பின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது, வாங்கிக்கொண்ட தரப்பு அது நியூட்டன் அலகு என்று நினைத்துக் கணக்குப் போட்டது. உலகத்தின் மிகக் கெட்டிக்காரக் கூட்டம், மாதக்கணக்கில் நடந்த பயணம், கடைசியில் பள்ளிக்கூடப் பையன் விடுகிற அலகுப் பிழை. யாரும் சாகவில்லை, ஆளில்லாத கலம். இதைச் சொதப்பல் என்று எழுதினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், அவர்களே தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள்.

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷ வாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அங்கேயும் இயங்க வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இயங்கவில்லை, செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்யவில்லை. அகராதிப் பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் சொல் பொருந்துகிற மாதிரிகூட இருக்கும். ஆனால் ‘போபால் சொதப்பல்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், கை கூசும். செத்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து சிரிக்கிற வேலை அது. உயிர் போன இடம், உடல் ஊனப்பட்ட இடம், ஒருவர் வாழ்நாள் சேமிப்பு போன இடம் எதிலும் இந்தச் சொல் வரக் கூடாது. அங்கே அலட்சியம், கவனக்குறைவு, பொறுப்பின்மை என்று உள்ள சொற்களைத் தயங்காமல் எழுத வேண்டும். மருத்துவர் ஆபரேஷனில் சொதப்பியதால் நோயாளி இறந்தார் என்று ஒரு செய்தி வந்தால், அந்த வாக்கியத்தில் இறந்தவரைவிட மருத்துவருக்கே அதிகம் பரிவு காட்டப்பட்டிருக்கிறது.

இந்தப் பரிவை விவரம் தெரிந்தவர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள். பணம் கையாடப்பட்டிருக்கும், டெண்டரில் தில்லுமுல்லு நடந்திருக்கும்; கேட்டால் ‘நிர்வாகத்தில் சின்ன சொதப்பல், சரிசெய்து விடுகிறோம்’ என்று பதில் வரும். முறைகேடு என்றால் விசாரணை உண்டு, தண்டனை உண்டு. சொதப்பல் என்றால் ஒரு அசட்டுச் சிரிப்போடு முடிந்துவிடும். செய்தி எழுதுகிறவர் அந்தப் பதிலை மேற்கோள் குறிக்குள் போட்டால் சரி; மேற்கோளை எடுத்துவிட்டுத் தன் வாக்கியமாகவே தலைப்பில் போட்டுவிட்டால், கேட்காமலே தீர்ப்பு எழுதிக் கொடுத்த மாதிரி.

குளறுபடியை இதோடு சேர்த்துக் குழப்புவதும் உண்டு. குளறுபடி என்பது ஏற்பாட்டில் விழுகிற சிக்கல்: வாக்காளர் பட்டியலில் குளறுபடி, வினாத்தாளில் குளறுபடி. யார் செய்தது என்று ஒருவரை நோக்கி அது விரல் நீட்டுவதில்லை. அதனால்தான் ‘குளறுபடி ஏற்பட்டது’ என்றால் இயல்பாக இருக்கிறது, ‘சொதப்பல் ஏற்பட்டது’ என்றால் மொழிபெயர்ப்பு மாதிரி ஒலிக்கிறது. சொதப்பல் தானாக ஏற்படாது, யாராவது சொதப்ப வேண்டும். வேடிக்கை என்னவென்றால் குளறு என்ற வினை தனியாக வரும்போது அது நாக்குக்கு மட்டும்தான்: வாய் குளறியது, நா குளறியது. ‘ஆபீஸ் வேலையில் குளறிவிட்டேன்’ என்று யாரும் சொல்வதில்லை. உளறுவதும் பேச்சோடு நின்றுவிடும். மேடையில் உளறலாம், அதனால் கூட்டமே சொதப்பிப் போகலாம். பிசகு, சறுக்கல் எல்லாம் அளவில் சிறியவை, ஓர் இடத்தில் ஒரு தடவை கால் தவறுவது. ஒரு கட்டுரையில் ஒரே ஓர் எழுத்து தப்பாகப் போனால் அது பிழைதான். மேடையில் மாட்டிய பேனரில், யாருக்குப் பாராட்டு விழாவோ அவர் பெயரிலேயே ஓர் எழுத்து தப்பாகிப் போனால் மொத்த பேனரும் சொதப்பல்.

இலக்கணத்துக்கு வருவோம், இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயங்கள் இருக்கின்றன. சொதப்பு என்ற வினைக்குப் பின்னால் எந்தத் துணைவினை வருகிறது என்பதில் பாதிப் பொருள் இருக்கிறது. ‘சொதப்பினேன்’ என்று மொட்டையாகச் சொன்னால் போலீஸ் வாக்குமூலம் மாதிரி இருக்கும். ‘சொதப்பிட்டேன்’ என்னும்போதுதான், அந்த ‘விடு’ சேரும்போதுதான், ஐயோ கைமீறிப் போச்சே என்ற வருத்தம் வருகிறது. ‘சொதப்பித் தொலைச்சிட்டான்’ என்றால் சொல்கிறவருக்கு எரிச்சல். ‘சொதப்பி வச்சிருக்கான்’ என்றால் இன்னும் மோசம்: கெடுத்ததோடு அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டான், இனி வேறொருத்தர் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். அலுவலகத்தில் சக ஊழியரைப் பற்றி இந்த வரியைச் சொல்வதற்கு முன் யோசியுங்கள். சொதப்பிட்டார் என்பது அனுதாபம், சொதப்பி வைத்திருக்கிறார் என்பது புகார்.

இதில் ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுகிறார். ‘சொதப்பி வைத்தான்’, ‘சொதப்ப வைத்தான்’. முதலாவதில் கெடுத்தது அவனே. இரண்டாவதில் அவன் சும்மா இருந்தவனைத் தூண்டி, பதற வைத்து, கெடுக்கச் செய்திருக்கிறான். ‘பதற்றம் என்னைச் சொதப்ப வைத்தது’ சரி. ‘பதற்றம் என்னைச் சொதப்பி வைத்தது’ என்றால் அர்த்தமே இல்லை. வேகமாகத் தட்டச்சு செய்கிறவர்கள் இந்த இடத்தில் தவறாமல் மாட்டுகிறார்கள்.

வேற்றுமை உருபிலும் கவனம் வேண்டும். கல்யாணத்தில் சொதப்பினான் என்றால் அங்கே அவனுக்குக் கொடுத்த ஏதோ ஒரு வேலையில் தடுமாறினான், கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. கல்யாணத்தைச் சொதப்பினான் என்றால், அவ்வளவுதான், ஆள் ஊரை விட்டே ஓடியிருப்பான். ‘இல்’ போட்டால் குறை ஆளோடு நிற்கும், ‘ஐ’ போட்டால் காரியமே போச்சு. நேர்காணல் பற்றி எழுதும்போது பலர் யோசிக்காமல் இரண்டாவதைப் போடுகிறார்கள். ஒரு கேள்விக்குத் தடுமாறியதை எல்லாம் மொத்த நேர்காணலையும் சொதப்பிய கணக்கில் எழுதத் தேவையில்லை.

அப்புறம், ‘சொதப்பப்பட்டது’. தயவுசெய்து வேண்டாம். ‘விழா ஏற்பாடுகள் சொதப்பப்பட்டன’ என்று ஒரு தமிழ் வாய் தானாகச் சொல்லாது. செய்தவரைச் சொல்ல விருப்பம் என்றால் சொதப்பிவிட்டார்கள், விருப்பமில்லை என்றால் சொதப்பலாகிவிட்டது அல்லது சொதப்பிடுச்சு. இந்த வினைக்கு இரண்டு பக்கமும் போகத் தெரியும். அவனும் சொதப்புவான், திட்டமும் சொதப்பும். அப்புறம் எதற்கு ‘படு’வைப் பிடித்து இழுக்க வேண்டும்?

மரியாதை விஷயத்தில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. ‘ஈர்கள்’ சேர்த்துவிட்டால் மரியாதை வந்துவிடும் என்று நினைத்து ‘சார், நீங்கள் கணக்கைச் சொதப்பிவிட்டீர்கள்’ என்று மெயில் அனுப்புகிறவர்கள் உண்டு. விகுதிதான் மரியாதை, வினை இன்னும் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கிறது. நெருக்கம் இருந்தால் ‘என்னண்ணா, சொதப்பிட்டீங்களே’ என்று நேரில் சொல்வது கொஞ்சல், எந்தக் குறையும் இல்லை. நெருக்கம் இல்லாதவரிடம் தமிழில் நமக்கு வேறு நல்ல வழி இருக்கிறது, ஆளை விட்டுவிட்டுப் பொருளைச் சொல்வது: ‘சார், மூணாவது வரியில் கூட்டல் மாறியிருக்கு போல, ஒரு தடவை பாருங்களேன்.’ மாறியிருக்கு. யார் மாற்றினார்கள் என்ற பேச்சே இல்லை. அவரும் திருத்திவிடுவார், உங்களோடு பேச்சுவார்த்தையும் இருக்கும்.

தன்னைப் பற்றிச் சொல்லும்போது கதை வேறு. நண்பர்களிடம், கூட வேலை செய்கிறவர்களிடம் ‘நான்தான் சொதப்பிட்டேன்’ என்பதைவிடச் சட்டென்று இறுக்கத்தைத் தளர்த்துகிற வாக்கியம் வேறு இல்லை. பழியையும் ஏற்றுக்கொண்டாயிற்று, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் பாதிக்கப்பட்டவரிடம் போய் அதே வாக்கியத்தைச் சொன்னால், மன்னிப்பை அவரிடம் கேட்காமல் நீங்களே எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சிரித்து விட்டுவிடுகிற உரிமை அவருடையது. வாடிக்கையாளர்களுக்கு நிறுவனங்கள் எழுதும் அறிவிப்புகளில் ‘சின்ன சொதப்பல் நடந்துவிட்டது, பொறுத்தருளவும்’ என்று வருவதைப் பார்க்கலாம். ‘பொறுத்தருளவும்’ பட்டுவேட்டி கட்டியிருக்கிறது, ‘சொதப்பல்’ அரை டிரவுசரில் நிற்கிறது. அதற்குப் பதில் ‘உங்கள் கணக்கில் இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டிருக்கிறது, தவறு எங்களுடையது, இந்தத் தேதிக்குள் திரும்ப வந்துவிடும்’ என்று எழுதினால் போதும். பணம் போனவருக்கு நட்பு பாராட்டும் தொனி தேவையில்லை, தேதி தேவை.

செயலை விட்டுவிட்டு ஆளையே சொதப்பல் ஆக்குவது இன்னொன்று. ‘இந்தத் தடவை சொதப்பிட்டே’ என்றால் அடுத்த தடவை பாக்கி இருக்கிறது. ‘நீ ஒரு சொதப்பல்’ என்றால் பாக்கி ஒன்றும் இல்லை. சமவயது நண்பர்கள் ஒருவரை ஒருவர் சொல்லிக்கொள்வதில் பிரச்சினை கிடையாது, பதிலுக்கு அவனும் சொல்வான். திருப்பிச் சொல்ல முடியாத குழந்தையிடமும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடமும் வினையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எழுத்துப்பிழைகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சொதப்பல் என்பதில் முதலெழுத்து குறில். ‘சோதப்பல்’ என்று நீட்டினால் சோதனைக்கு உறவுக்காரன் போல ஆகிவிடும். கடைசியில் வருவது ல், ள் அல்ல. ‘ஆட்டத்தைச் சொதப்பினார்’ என்பதில் ச் வரும், ‘ஆட்டத்தில் சொதப்பினார்’ என்பதில் வராது. ‘சொதப்பித் தொலைத்தான்’ என்பதில் த் உண்டு. ‘சொதப்பிவிட்டான்’ என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். பிரித்து எழுதினால் சிலருக்கு ஒரு நொடி, சொதப்பிய பிறகு எதையோ கைவிட்டான் என்று படும். இறந்தகாலம் ‘சொதப்பினான்’தான், ‘சொதப்பித்தான்’ என்று ஒன்று கிடையாது.